வாய்க்காலில் விழுந்த முதல்வர் வேட்பாளர்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் முதலமைச்சர் பதவிக்குப் போட்டியிட்டிருக்கிறார் என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. நம்பாதது நியாயம்தான். அந்தப் போட்டி ஒரே ஒரு நாள் காலையில் தொடங்கி, மதியம் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதற்குள் முடிந்துபோனது. வேட்பாளர் என் மாமா. கட்சியின் சின்னம் பஞ்சுமிட்டாய். தொகுதி, திருச்சி பழைய ஊரில் வாய்க்கால் ஓரமாக இருந்த எங்கள் தெரு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தா அப்போது சவூதியில் இருந்ததால் வீட்டுக்கு ஆண்துணை அவர்தான். தொழில் பலகுரல். கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, ஜவுளிக்கடைத் திறப்பு விழா என்று எங்கே மேடை போட்டாலும் ஏறிவிடுவார். தலைவர்கள், நடிகர்கள், ரயில் நிலைய அறிவிப்பு, மழைக்காலத் தவளை எல்லாம் அவர் தொண்டையில் குடியிருந்தன. வீட்டிலும் அதே கூத்துதான். ஒரு பழைய தலைவரின் குரலில் டீ கேட்பார், செய்தி வாசிப்பவரின் குரலில் என் மதிப்பெண்ணை அறிவிப்பார். அவருடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்றுகூட நான் நினைத்ததில்லை.

அம்மாவின் கவலையெல்லாம் அவருடைய நிக்காஹ்தான். தவளை மாதிரி கத்துகிறவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அம்மா மனதில் ஒரு பெண் இருந்தாள். அது என் டியூஷன் டீச்சர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவளுடைய அத்தா பழைய இரும்புக்கடை வைத்திருந்தார். அவரும் ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லிவிடவில்லை. அவருக்குத் தொழுகைக்கு அடுத்தபடியாகப் பிடித்தது சினிமா. அம்மா ஆள் விட்டுக் கேட்டபோது, "தம்பி ஒரு படத்துல ஒரே ஒரு வார்த்தை பேசட்டும்மா, அன்னிக்கே நாள் குறிச்சிருவோம்" என்று சொல்லியனுப்பினார். அது கிண்டலா நிபந்தனையா என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. மாமா அதை நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டார்.

டீச்சருக்கு மாமாவைப் பிடிக்காது என்பது என் முடிவு. வாய்ப்பாடு ஒப்பித்து முடித்ததும் தினமும் ஒரு விசாரணை நடக்கும். மாமா எங்கே கச்சேரிக்குப் போனார், எப்போது வந்தார், சாப்பிட்டாரா, இன்றைக்கு யார் குரலில் பேசினார்? போலீஸ்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்று சினிமாவில் பார்த்திருந்தேன். மாமாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பாதியை மறைத்து மீதியைச் சொல்வேன்.

இனி பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலம் என்று நாங்கள்தான் மரியாதையாகச் சொன்னோம். வாய்க்காலின் மேல் அருகருகே போட்ட இரண்டு நீளக் கற்கள், அவ்வளவுதான். கைப்பிடி கிடையாது. அதில் ஒரு கல் காலை வைத்தால் லேசாக ஆடும். பள்ளிக்கூடம், டியூஷன், சந்தை எல்லாம் அக்கரையில். சுற்றுவழியில் போனால் பஸ் ரோட்டையெல்லாம் தாண்ட வேண்டும். முந்தின வருஷத்து மழையில் என் செருப்பு ஒன்று அங்கிருந்து தண்ணீரில் போனது. செருப்போடு நானும் போயிருப்பேன். அன்றிலிருந்து மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் அதைத் தாண்டுவார். மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண்ணை மூட்டை மாதிரித் தூக்கிப் போனால் மானம் என்னாவது? எதிரே என் வகுப்புப் பிள்ளைகள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். நான் மூடிக்கொண்டால் அவர்களுக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை.

இந்தக் கல்லை வைத்து எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் பெண்கள் வண்டியை மறித்துவிடுவார்கள். ஆரத்தி எடுப்பார்கள், மாலை போடுவார்கள், அப்புறம் "இறங்கி ஒரு தடவை நடந்துட்டு வாங்க" என்று கல்லைக் காட்டுவார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேட்பாளர் அக்கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வந்ததும் முகமெல்லாம் வியர்த்து, ஜெயித்த உடனே முதல் வேலை இதுதான் என்று சத்தியம் செய்வார். ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. கல் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் காலாண்டு விடுமுறையில் ஒரு சினிமாக் குழு ஊருக்கு வந்தது. விளையாட்டாகக் கட்சி தொடங்கும் ஒரு சிரிப்பு நடிகன், ஜனங்கள் நிஜமாகவே நம்பிவிட்டதால் முதல்வர் வேட்பாளராகி முழிப்பதுதான் கதை. நாயகனாக நடித்தவரும் பெரிய சிரிப்பு நடிகர்தான். வெயிலில் திறந்த வண்டியில் நின்று தெருத்தெருவாகக் கும்பிட அவருக்கு உடம்பு இடம் கொடுக்காதாம். தூரத்திலிருந்து பார்த்தால் அவரைப் போலவே தெரியும் ஒரு டூப் தேவைப்பட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் மாமாவின் நிகழ்ச்சியைப் பார்த்திருந்த உதவி இயக்குநர், அதே தோள், அதே தொப்பை என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அதே தொப்பை என்று சொன்னதற்காக மாமா சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

உதவி இயக்குநர் இரண்டே விஷயம் சொன்னார். முகம் கேமராவில் தெரியக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது, குரல் நாயகனுடையது. இதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் மறுநாள் ஸ்ரீரங்கத்தில் எடுக்கும் பொதுக்கூட்டக் காட்சியில் மேடை அறிவிப்பாளர் வேஷம். அதில் முகமும் உண்டு, வசனமும் உண்டு. "இதோ வந்துவிட்டார், நாளைய முதல்வர்!"

வீட்டில் அந்த வசனம் படாத பாடு பட்டது. மாமா கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தெரிந்த எல்லாக் குரலிலும் அதைச் சொல்லிப் பார்த்தார். ரயில் நிலையக் குரலில் சொன்னபோது நாளைய முதல்வர் தாமதமாக வருவார் போலிருந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "உன் குரல்லயே சொல்லேன்டா" என்றாள். "அது எடுபடாதுக்கா" என்றார் மாமா, அதையும் யாரோ ஒரு வில்லனின் குரலில்.

படப்பிடிப்பு நாளன்று எங்கள் தெருவை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. ரோஸ் நிறக் கொடிகள், சுவரெல்லாம் பஞ்சுமிட்டாய். டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் இந்தக் கட்சி யாரோடு கூட்டணி வைக்கும் என்று காலையிலேயே சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். கூட்டமாக நிற்கத் தெரு ஜனங்களையே வைத்துக்கொண்டார்கள். இரும்புக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு, பெருநாளைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்து அக்கரையில் நின்றார். அவருக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீச்சரும் நின்றாள். நான் பச்சை கவுன் போட்டுக்கொண்டு, கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஓடினேன்.

இயக்குநர் மைக்கைப் பிடித்து, நடிக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம், நிஜத் தேர்தலில் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் சென்னைக்காரர். எங்கள் தெருவிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

வண்டி வந்தது. கறுப்புக் கண்ணாடி, ஆளுயர மாலை, மொடமொடக்கும் வெள்ளை வேட்டி, பளபளக்கும் புது ஷூவுடன் மாமா நின்று கும்பிட்டார். மாலை மோவாய்க்கு மேலே வந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. வண்டி வாய்க்கால் பக்கம் வந்ததுதான் தாமதம், இட்லிக்கடை அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்றாள். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்தார்கள்.

"இறங்குங்க. நடந்து பாத்துட்டு அப்புறம் ஓட்டு கேளுங்க."

மாமாவுக்குப் பேச அனுமதியில்லை. கும்பிட்ட கையை எடுக்காமலே தலையை ஆட்டிக் கெஞ்சினார். நிஜ வேட்பாளர்களும் அப்படித்தான் கெஞ்சுவார்கள் என்பதால் கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாரோ விசில் அடித்தார்கள். உதவி இயக்குநர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். இயக்குநர் அவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கேமராவை ஓடவிடச் சொன்னார்.

தினமும் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு அலட்சியமாகத் தாண்டும் மனிதர், அன்று புது ஷூவோடு, கறுப்புக் கண்ணாடியோடு, தரையே தெரியாமல் மறைக்கும் மாலையோடு கல்லில் கால் வைத்தார். கையை வேறு கும்பிட்டபடியே வைத்திருக்க வேண்டும். பாதி தூரம் போனார். கல் தன் வழக்கப்படி ஆடியது. நாளைய முதல்வர் ஒரு சுற்றுச் சுற்றி, மாலையோடு வாய்க்காலுக்குள் போனார்.

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் அதில் என்னவெல்லாம் மிதந்தது என்று இங்கே எழுத முடியாது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தார். எழுதி வைத்த காட்சிகளில் இவ்வளவு நல்ல சிரிப்பு ஒன்றுகூட வரவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, இந்த முறை பக்கத்தில் கேமரா வைத்து எடுக்க வேண்டும் என்றார். மாமாவைக் கைகொடுத்து மேலே ஏற்றி, கழுவி, வேறு வேட்டி கட்டி, மறுபடியும் மாலையும் கண்ணாடியும் போட்டுவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்ரீரங்கம் அவருடைய வாயைப் பூட்டி வைத்திருந்தது.

அப்போதுதான் இயக்குநர் கண்ணில் நான் பட்டேன். இவ்வளவு நேரம் ஓடியது வீண் போகவில்லை.

"அந்தப் பச்சை கவுன் பாப்பாவும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கட்டும். நடுவுல அவர் விழணும், பாப்பா மட்டும் தனியா நிக்கணும். சூப்பரா இருக்கும்."

என் காதுகளை நான் நம்பவில்லை. உதவி இயக்குநர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் முனையில் நிறுத்தினார். கல்லில் மாமா விழுந்த ஈரம் காயாமல் இருந்தது. வாசற்படியில் நின்றிருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல்தான் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் யார் யாரிடம் எந்த வரிசையில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"வேணாம் சார்" என்றார்.

யார் பேசுவது என்று நான் திரும்பிப் பார்த்தேன். மெதுவான, கொஞ்சம் கரகரப்பான, தயங்கித் தயங்கி வந்த குரல். எந்த நடிகருடையதும் இல்லை, எந்தத் தலைவருடையதும் இல்லை.

"இந்தக் கல்லுல என் அக்கா மகள நான் தினமும் தூக்கிட்டுத்தான் தாண்டுறேன். நீங்க படம் எடுத்துட்டுப் போயிருவீங்க. இவ நாளைக்கும் இதுல நடக்கணும்."

மைக் எதுவும் இல்லை. ஆனாலும் அக்கரை வரைக்கும் கேட்டது, ஏனென்றால் அப்போது யாரும் சிரிக்கவில்லை. இட்லிக்கடை அக்கா செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு என்னைக் கல்லிலிருந்து இறக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இயக்குநர் கெட்டவர் இல்லை. விழுந்தது ஒன்று போதும் என்று கேமராவை எடுக்கச் சொன்னார். உதவி இயக்குநருக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. முகத்தைக் காட்டாதே என்றால் காட்டியாயிற்று, வாயைத் திறக்காதே என்றால் திறந்தாயிற்று. நாளைக்கு ஸ்ரீரங்கம் வர வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மாமா "சரி சார்" என்று சொல்லிவிட்டு, கழற்றிப்போட்ட ஈர வேட்டியைப் பிழிந்து துணிக்கொடியில் போட்டார்.

அன்று மாலை வரைக்கும் நான் அழுதேன். அவருக்காக இல்லை, எனக்காக. கையில் கிடைத்த சினிமாவைத் தட்டிவிட்டாரே! அவரோடு பேச மாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். டியூஷனுக்குத் தூக்கிப் போனபோது கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தேன். அவர் பத்திரமாக அக்கரையில் இறக்கிவிட்டுப் போனார்.

டீச்சர் அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மாமா சொன்னதைச் சொல்லச் சொன்னாள். நான் வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை தப்பியது, அவளே அதைத் திருத்தினாள். தெரிந்தே வைத்திருப்பவள் என்னை ஏன் கேட்க வேண்டும்? அப்புறம் வழக்கமான விசாரணை.

"யார் குரல்ல பேசுனாரு?"

"யார் குரலும் இல்ல டீச்சர். சும்மா பேசுனாரு" என்றேன். இதைவிடக் கேவலமாக அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டீச்சர் சிரித்தாள். அன்றைக்கு வாய்ப்பாடு கிடையாது, போய் விளையாடு என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் என் கோபத்தைத் தணிப்பதற்காக மாமா என்னை ஸ்ரீரங்கத்துக்கே அழைத்துப்போனார். பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார். கூட்டத்தின் கடைசியில் நின்று என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மேடையில் வேறு ஒருவர், "இதோ வந்துவிட்டார், நாளைய முதல்வர்!" என்று சொன்னார். சரியாக வரவில்லை. திரும்பச் சொன்னார், மறுபடியும் சொன்னார். ஒருவழியாகச் சரியாக வந்ததும் மாமா கை தட்டினார். அவர் தோள் குலுங்கியதில் நான் விழப் பார்த்தேன். "நல்லாத்தான் சொல்றான், இல்ல?" என்றார். ஒரு மனிதருக்கு ரோஷம் என்பது கொஞ்சமாவது இருக்க வேண்டாமா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததால் பேச்சைத் தொடங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரும்புக்கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீயை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தம்பி படத்தில் பேசாமலே போய்விட்டது, அல்லாஹ் நாடவில்லை என்று அவளே முந்திக்கொண்டாள். அவர் டீயை முழுதாகக் குடித்தார். இரும்பு விலை ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு, "எத்தனையோ பேர அந்தக் கல்லுல நடக்க விட்டுருக்கோம்மா. புள்ளைய நடக்க விடாதீங்கன்னு சொன்ன முதல் ஆளு இவருதான்" என்றார். "பொண்ணு கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வார்த்தை பேசினால்தான் பெண் என்றார்கள். பேசக் கூடாத இடத்தில் பேசி வேஷத்தையும் தொலைத்துவிட்டு வந்தவருக்குப் பெண் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கணக்கே வராது என்று அப்போது தீர்மானித்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் வாய்க்காலைத் தாண்டித்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மறுபடியும் மாலையும் ஷூவுமாக அதே ஆள், அதே கல். இரும்புக்கடைக்காரர் யாரையும் கேட்கவில்லை. கடையில் கிடந்த குழாய்களை எடுத்துவந்து, வெல்டிங் ஆளை வைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டார். ஆடிக்கொண்டிருந்த கல்லின் அடியில் சிமெண்ட் கொட்டினார். இத்தனை தேர்தல்களில் நடக்காதது ஒரு நிக்காஹ்வுக்காக ஒரே வாரத்தில் நடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் தனியாக, யார் தோளிலும் ஏறாமல் பள்ளிக்கூடம் போனேன். முதல் நாள் மாமா பின்னாலேயே வந்தார். அடுத்த நாள் வரவில்லை.

படம் வெளியானபோது தெருவே தியேட்டருக்குப் போனது. எனக்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் டீச்சர். டீச்சர் இப்போது மாமியாகிவிட்டாள். மாமிக்கு அந்தப் பக்கம் மாமா. பெயர்கள் ஓடும்போது மாமாவின் பெயரைத் தேடினேன், வரவில்லை. வாய்க்கால் காட்சி வந்தது. எங்கள் தெரு, எங்கள் இட்லிக்கடை அக்கா, எங்கள் கல். மாமா சுற்றிக்கொண்டு விழுந்தார். அடுத்த நொடியே திரையில் நாயகனின் முகம் பெரிதாக வந்தது. சுத்தமான தண்ணீர் சொட்டச் சொட்ட அவர், "தமிழ்நாட்டையே தூக்கி நிறுத்துறேன்! முதல்ல யாராச்சும் என்னைத் தூக்கி நிறுத்துங்கப்பா!" என்றார். தியேட்டர் அதிர்ந்தது. முன்வரிசையில் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். இரும்புக்கடைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் பக்கத்தில் யாரோ பேசுவது கேட்டது. மாமிதான். மாமாவின் பக்கம் சாய்ந்து, மெதுவாக, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க படம் எடுத்துட்டுப் போயிருவீங்க. இவ நாளைக்கும் இதுல நடக்கணும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த வசனம் காதில் விழவில்லை. "உஷ்! படத்தப் பாருங்க மாமி" என்று அதட்டினேன். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மாமா திரையைப் பார்க்கவே இல்லை; அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து இப்படியும் ஒரு மனிதர் படத்தை விடுவாரா என்று நினைத்துக்கொண்டு, விட்டுப்போன வசனத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.